ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறும் ஒன்றாம் வகுப்பும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுத்துவரும் பட்டதாரி ஆசிரியரான நீங்கள், வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் செல்வதால், ஜூலை மாதத்தில் ஒரு வாரம் அந்த வகுப்பின் கணக்கையும் சூழ்நிலையியலையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதாகவும், 22 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஐந்து நாளும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தத்திலும் பிறகு அணைக்கட்டுப் பக்கத்திலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதலிரண்டு வகுப்புகளிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கால அட்டவணையில் கணக்குக்கு ஒரு கட்டமும் சூழ்நிலையியலுக்கு ஒரு கட்டமும் இருக்கலாம். ஐந்தரை வயதுப் பிள்ளையின் மனத்தில் அந்தக் கட்டங்கள் இல்லை. உற்றுப் பார்ப்பதும் எண்ணுவதும் ஒப்பிட்டுச் சொல்வதும் அந்த வயதில் ஒரே வேலைதான். ஆகவே வாரம் முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாளுக்கு நாள் மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்த மாற்றத்திலிருந்தே எண்கள் வரட்டும். நான் பல ஆண்டுகள் கையாண்ட பொருள் பச்சைப்பயறு. எல்லா வீட்டிலும் இருக்கிறது, நம் வேலூர் வெயிலில் ஒரே இரவில் முளை காட்டிவிடுகிறது, 22 பேருக்கு ஆளுக்குப் பத்து என்று கொடுத்தாலும் ஒரு கைப்பிடிக்குள் முடிந்துவிடுகிறது.

இது அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு மாறானது என்று தயங்க வேண்டாம். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் எட்டு வயதுக்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டமே செயல்வழியில் கற்பிப்பதைத்தான் வலியுறுத்துகிறது. ஆசிரியர் கையேட்டில் அந்த வாரத்துக்கு உரியதையும் பயிற்சி நூலின் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். திரும்பி வரும் ஆசிரியைதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் கொஞ்சம் பயற்றைக் கொட்டி, "பத்து எடுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் சும்மா நின்று பாருங்கள். ஒன்று முதல் நூறு வரை பாட்டுப்போல ஒப்பிக்கிற பிள்ளை, ஒரு பயற்றை இரண்டு முறை தொட்டு எண்ணுவதையும், வாய் ஏழு சொல்லும்போது விரல் ஒன்பதாவது பயற்றில் நிற்பதையும் அப்போது காண்பீர்கள். எண்ணி முடித்தவனிடம் "எத்தனை?" என்று கேட்டால், விடை சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதே அதன் பொருள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களுக்கு மாறாத வரிசை, கடைசி எண்ணே மொத்தம், எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்த முனையிலிருந்து எண்ணினாலும் ஒன்றே என்று எண்ணுதலுக்கு ஐந்து நெறிகளை கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் வகுத்துச் சொன்னார்கள். பெயர்களை மறந்துவிடலாம், ஆனால் எந்தப் பிள்ளை இந்த ஐந்தில் எதில் நிற்கிறது என்பதைத் திங்கட்கிழமையே ஒரு தாளில் குறித்துக்கொண்டால், மற்ற நாலு நாளும் யாரிடம் என்ன கேட்பது என்ற குழப்பம் உங்களுக்கு வராது.

எண்ணிய பயற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வேறு பக்கம் வைக்கச் சொன்னால் பாதிப் பிழைகள் தாமே நின்றுவிடும். இதற்கு விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. எண்ணுவதற்கு வேறு விதைகள் தேவைப்பட்டால் புளியங்கொட்டை நல்லது. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டும் நஞ்சு; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவற்றை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது. பச்சைப்பயற்றிலும் ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை என் வகுப்புச் சிறுவன் ஒருவன் பத்தாவது பயற்றை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "டீச்சர், ஒன்பதுதான் இருக்குது" என்று வந்து நின்றான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை எடுத்து முடிக்கும்வரை எனக்கு உயிரே இல்லை. பயறு வெளியே இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கண் பிள்ளைகளின் கைகள்மேல் இருக்க வேண்டும்.

பத்துப் பயறு எடுத்தாயிற்று என்றால், ஒரு தாளை நடுவில் மடித்து அந்த மடிப்புப் பள்ளத்தில் பயறுகளை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் பென்சிலால் ஒரு கோடு. பிறகு ஆளுக்கொரு சிறு கிண்ணத்திலோ பழைய மூடியிலோ தண்ணீர் ஊற்றி, அதில் அவரவர் பயற்றை ஊறப்போட்டுப் பெயரையும் ஒட்டிவிடுங்கள். மாலை மணி அடிப்பதற்கு முன்னால் எடுத்து அதே மடிப்பில் அடுக்கினால், ஊறிப் பருத்த பயறுகள் காலையில் போட்ட கோட்டைத் தாண்டி நீளும். அப்போது கேளுங்கள்: "காலையில் இருந்ததைவிட இப்போது பயறு ஜாஸ்தியா, கம்மியா, அதேதானா?" பாதிப் பேர் "ஜாஸ்தி" என்பார்கள். திருத்தாதீர்கள், எண்ணச் சொல்லுங்கள். எண்ணிப் பத்து என்று கண்ட பிறகும் ஒன்றிரண்டு பேர் "பத்துதான், ஆனா ஜாஸ்தி" என்று நிற்பார்கள். வரிசை நீண்டால் எண்ணிக்கையும் கூடிவிட்டதாக ஆறேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நினைப்பதை சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இடைவெளி விட்டு அடுக்கிய பொருள்களைக் கொண்டு காட்டினார். நமக்கு அதைப் பச்சைப்பயறே காட்டிவிடுகிறது. இது பிழையன்று, வயது. அதே கேள்வியை வாரத்தில் மூன்று முறை மூன்று வகையில் கேட்டால் போதும்.

ஜாஸ்தி, கம்மி என்ற சொற்களை நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். பாடநூலில் கூடுதல், குறைவு, அதிகம் என்று இருக்கும். நம் வட ஆர்க்காட்டு வீடுகளில் பிள்ளை காதில் விழுவது ஜாஸ்தியும் கம்மியும்தான். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கமானால் வீட்டு மொழி உருதுவாகவும், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்காகவும் இருக்கலாம். "எது அதிகம்?" என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை விழித்தால் அதற்குக் கணக்கு வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள், சொல் வரவில்லை, அவ்வளவே. முதலில் வீட்டுச் சொல்லில் கேட்டு, விடை வந்த பிறகு அதன் பக்கத்தில் பாடநூல் சொல்லை வைத்தால் இரண்டு மூன்று நாளில் அது ஒட்டிக்கொள்ளும்.

கேள்வியை அமைக்கும் விதத்திலும் இதே கவனம் வேண்டும். 22 பிள்ளைகள், 19 தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். "தட்டுகளைவிடப் பிள்ளைகள் எத்தனை பேர் அதிகம்?" என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் 22 என்பார்கள். "எத்தனை பேருக்குத் தட்டு கிடைக்காது?" என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்துவிட்டு மூன்று என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் ஒரே கழித்தல்தான். காலை உணவும் சத்துணவும் பள்ளியிலேயே நடப்பதால், வருகைப் பதிவை முடித்தவுடன் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை பேர் வரவில்லை, எத்தனை தட்டு வேண்டும் என்று பிள்ளைகளையே எண்ணி வந்து சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, முட்டை எண்ணும் பொறுப்பைப் பெற்ற பிள்ளை அந்த வாரம் முழுவதும் விடுப்பு எடுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: திங்கள் மாலை நீரை வடித்து, ஒவ்வொருவருடைய பத்தையும் தனித்தனியே ஈரத் துணியில் முடிந்து வைத்துவிட வேண்டும். மறுநாள் முடிச்சை அவிழ்த்தால் சில பயறுகளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப்பார்க்கும். சில முளைக்காமல் இருக்கும். சில ஊறக்கூட மறுத்துக் கல் போலவே கிடக்கும். என் கணக்கில் வாரத்தின் மிக நல்ல பாடம் இங்கேதான் இருக்கிறது. ஒருத்திக்கு எட்டு முளைத்து இரண்டு முளைக்கவில்லை. இன்னொருவனுக்கு ஒன்பதும் ஒன்றும். வேறொருவனுக்கு ஏழும் மூன்றும். ஒருவனுக்குப் பத்தும் முளைத்துவிட்டது. அவரவர் சொல்லச் சொல்ல நீங்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். பத்தின் கூட்டுகள் என்று நாம் அட்டை வைத்துக் கற்பிக்கும் அத்தனையும் பிள்ளைகளின் கைகளிலிருந்தே பலகைக்கு வந்துவிடும், அதுவும் கூட்டல் குறி ஒன்றுகூட எழுதாமல். பத்தும் முளைத்தவனிடம் "முளைக்காதது எத்தனை?" என்று கேட்டால் "இல்லை" என்பான். அந்த "இல்லை"யைப் பலகையில் எப்படி எழுதுவது என்று வகுப்பைக் கேட்டுவிட்டுப் பூச்சியத்தை எழுதுங்கள். வெறும் வட்டமாக அதைக் கற்றுக்கொடுத்த ஆண்டுகளைவிட, முளைக்காத பயறு ஒன்றுமில்லை என்பதன் எழுத்தாகக் கற்றுக்கொடுத்த ஆண்டுகளில்தான் அது நின்றது.

ஏன் சில முளைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே விடை சொல்லிவிடாமல் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். "அதுக்குத் தண்ணி பத்தல", "தூங்குது", "அது கெட்டது" என்று வரும். தண்ணீர் பற்றாதது என்று சொன்னவனுடைய முளைக்காத பயறுகளை இன்னும் ஒரு நாள் ஊறவைத்தால் அவன் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும் அல்லவா? இந்த வயதுக்கு அறிவியல் என்பது இவ்வளவுதான். ஒளிச்சேர்க்கை, முளைவேர் போன்ற சொற்கள் மேல் வகுப்புகளுக்கு இருக்கட்டும்.

வயதில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகிய உங்களுக்கு எண்களை விரைவாக எழுத வைத்துவிடலாம் என்ற ஆசை வரும். ஒருமுறை பள்ளிப் பார்வைக்கு வந்த ஓர் அலுவலர் என் வகுப்புக் கரும்பலகையில் ஒன்பது வரைகூட எழுதவில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். அவர் மனத்தாங்கல் எனக்குப் புரிந்தது. ஆனாலும் எண்ணத் தெரியாத எண்ணை எழுத வைப்பதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. தமிழ் எண்ணுப்பெயர்கள் இதற்குப் பெரிய துணை. பதினான்கு என்ற சொல்லில் பத்து முன்னால் நிற்கிறது, நான்கு பின்னால் வருகிறது, 14 என்று எழுதும்போதும் அதே வரிசை. ஆங்கிலவழிப் பிரிவில் ஃபோர்ட்டீன் என்று கேட்கும் பிள்ளை நாலை முதலில் கேட்பதால் 41 என்று எழுதுவது வழக்கம். தமிழில் சிக்கல் வருவது ஒன்பதின் பக்கத்தில்தான். இருபத்தொன்பதுக்குப் பிறகு "இருபத்திப்பத்து" என்று சொல்லும் பிள்ளையை அடக்காதீர்கள். அமைப்பைப் புரிந்துகொண்ட பிள்ளைதான் அப்படிச் சொல்லும். தொண்ணூறுக்குள் நூறு ஒலிப்பதால் அங்கேயும் தடுமாறுவார்கள். குடியாத்தத்தில் இருந்தபோது மருந்து தோய்க்காத தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்திருப்பேன். பெரும்பாலான வீடுகளில் தீப்பெட்டி வேலை நடந்த காலம் அது, பத்துக் குச்சியைக் கண் மூடிக்கொண்டு கட்டுகிற விரல்கள் அந்தப் பிள்ளைகளுக்கு.

புதன்கிழமை முளைத்த பயறுகளைப் பழைய காகிதக் கோப்பைகளில் மண் போட்டு நட்டுவிடலாம். வகுப்புக்குப் பொதுவாக இன்னும் இரண்டு கோப்பைகள் நட்டு, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அட்டைப் பெட்டிக்குள் மூடியும் வையுங்கள், அவை வெள்ளிக்கிழமைக்கு. மிச்ச நேரத்தில் ஒரு அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி மிதப்பது, மூழ்குவது பார்க்கலாம். பத்துப் பொருள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மட்டை உரிக்காத தேங்காயும் சிறு கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் போடுமுன் கை தூக்கச் சொல்லி, மிதக்கும் என்பவர்களையும் மூழ்கும் என்பவர்களையும் எண்ணிக் கோடிடுங்கள். கனமானது மூழ்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தேங்காய் மிதந்து கூழாங்கல் மூழ்கும்போது வகுப்பில் எழும் கூச்சலுக்குத் தலைமையாசிரியர் வந்து எட்டிப்பார்த்தால் வியப்பில்லை. பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மணல்தான். 2021 நவம்பரில் அந்த ஆறு கரைபுரண்டு ஓடியதை உங்கள் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது பெற்றோர் பார்த்திருப்பார்கள்; அந்த வெள்ளத்தில் என்னென்ன மிதந்து வந்தன என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள், மறுநாள் கதை கதையாக வரும்.

வியாழக்கிழமை அளவை. பூக்காரம்மாவின் முழத்துக்கும் தன் முழத்துக்கும் உள்ள வேறுபாடு பூ வாங்கும் தாயோடு கடைவீதிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் மேசையை ஒரு பிள்ளை சாணால் அளக்கட்டும், பிறகு நீங்கள் அளந்து காட்டுங்கள். அளப்பதற்கு முன், "சார் கை பெரிசு, சாருக்கு எத்தனை வரும்?" என்று கேட்டால் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். அவர்களுக்குப் பத்து வந்த இடத்தில் உங்களுக்கு ஆறோ ஏழோ வரும்போது கொஞ்ச நேரம் அமைதியாக விட்டுவிடுங்கள். அதே சூட்டோடு செடிக்குப் போகலாம். செடியின் உயரத்துக்குச் சமமாக ஒரு காகிதப் பட்டையை வெட்டி, அன்றைய கிழமையின் பெயருக்கு மேல் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு பட்டை அதன் பக்கத்தில் ஏறும். சென்டிமீட்டர் இல்லை, அளவுகோல் இல்லை. ஆனால் சுவரில் இருப்பது பட்டை வரைபடம்தான். எட்டாம் வகுப்பில் நீங்கள் படாதபாடு பட்டுக் கற்பிப்பதன் வேர் அது.

வெயில் இருந்தால் ஏதாவது ஒரு நாள் பகல் பன்னிரண்டே காலை ஒட்டி ஒரு பிள்ளையை மைதானத்தில் நிறுத்தி நிழலைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். வேலூர் வட அட்சரேகை 13 பாகையை ஒட்டியிருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் தலைக்கு நேரே வந்த சூரியன் ஜூலையில் நமக்கு வடக்கே இருப்பான். நிழல் ஒரு சாண் அளவே, அதுவும் தெற்குப் பக்கமாக விழும். ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் சூரியன் மறுபடியும் தலைக்கு மேல் வந்து கடந்த பிறகு நிழல் வடக்கே திரும்பிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். கோட்டை அழியாத இடத்தில் வரைந்து வைத்தால், செப்டம்பரில் ஆசிரியை அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து இரண்டு பொதுக் கோப்பைகளையும் அருகருகே வையுங்கள். இருட்டில் இருந்தது வெளிறி, மெலிந்து, ஆனால் உயரமாக இருக்கும். வெளிச்சத்தில் இருந்தது பச்சையாகக் குட்டையாக இருக்கும். "எது நன்றாக வளர்ந்திருக்கிறது?" என்று கேட்டு வாக்கெடுங்கள். உயரமானதே வெல்லும். உங்கள் தீர்ப்பைச் சொல்லாமல் இரண்டையும் சன்னலோரத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் அந்த வெளிறிய செடி மெல்லப் பச்சை பிடிப்பதைப் பார்த்து அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

அவரவர் கோப்பைகளைச் சனி ஞாயிறு பள்ளியில் விட்டால் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. வெள்ளி மாலையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள், எத்தனை செடி கொண்டுபோகிறாய் என்று ஒவ்வொருவரையும் எண்ணிச் சொல்ல வைத்து அந்த எண்ணை உங்கள் தாளில் குறித்துக்கொண்டு. திங்கட்கிழமை ஆசிரியை வந்தவுடன் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். சிலரின் செடிகள் வாடியிருக்கும், ஒன்றிரண்டு பேருடையதைக் கோழி கொத்தியிருக்கும், தம்பி பிடுங்கிவிட்டான் என்று ஒருத்தி அழுதுகொண்டே வருவாள். எட்டில் எத்தனை போயிற்று, எத்தனை மிச்சம் என்பதை அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.